வன்னிக்கு வரும் பைபரும் செயற்கை நுண்ணறிவும்

செயற்கை நுண்ணறிவு என்றதும், கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் செயலிகளே நம் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பதிலை நம் தொலைபேசிவரை கொண்டுவரும் பைபர் கேபிள்களைப் பராமரிக்கவும் உலகில் அதே நுட்பம் இப்போது பயன்படுகிறது. இது வன்னி மக்களுக்கு, குறிப்பாக மீள்குடியேறிய முஸ்லிம்களுக்கு, நேரடியாகத் தொடர்புடைய விடயம் என்பது என் கருத்து.

முடியளவு மெல்லிய கண்ணாடி இழையில் தகவல் ஒளியாகச் செல்கிறது. வீதியோரம் பெக்கோ இயந்திரம் தோண்டினால், அந்த அதிர்வில் ஒளியின் தன்மை சற்று மாறும். இழை மடிந்தாலோ, பொருத்து பழுதடைந்தாலோ ஒளியின் வலு குறையும். இம்மாற்றங்களைப் படித்துப் பழகிய மென்பொருள், கேபிள் அறுவதற்கு முன்பே எச்சரிக்கலாம். அறுந்துவிட்டால் தகவலை வேறு பாதைக்குத் திருப்பலாம். புதிய கேபிள் எங்கே தேவை என்றும் கணிக்கலாம்.

ஆனால் திருப்பிவிட வேறு பாதை இருக்க வேண்டுமே! குளத்து நீரை முறை வைத்துப் பங்கிடுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இருக்கும் ஒரே வாய்க்கால் உடைந்தால் வயல் காயத்தான் செய்யும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி தாக்கியபோது நாட்டின் பல இடங்களில் கேபிள்கள் அறுந்தன, மின்சாரம் தடைப்பட்டது, கோபுரங்கள் செயலிழந்தன. உறவுகள் உயிருடன் இருக்கிறார்களா என்று அறிய முடியாமல் மக்கள் தவித்தார்கள்.

அதைவிட ஆழமான பிரச்சினை ஒன்று உண்டு. இந்த மென்பொருள் கடந்தகாலத் தரவுகளைப் படித்தே எதிர்காலத் தேவையைச் சொல்கிறது. நமது கடந்தகாலம் என்ன? 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரே நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் போன்ற கிராமங்களுக்குப் பலர் திரும்பத் தொடங்கினார்கள். இன்றும் பல குடும்பங்கள் புத்தளத்தில் ஒரு காலும் முல்லைத்தீவில் ஒரு காலுமாக வாழ்கின்றன. யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் இடம்பெயர்ந்த தமிழ்க் கிராமங்களின் வரலாறும் வெறுமையும் வலியும் நிறைந்ததே. பாவனை குறைவு என்பதைத் தேவை இல்லை என்று இயந்திரம் வாசித்தால், கேபிள் வராது. கேபிள் வராத இடத்தில் பாவனையும் கூடாது. பிள்ளைகளின் இணையவழிப் படிப்பைக் காரணம் காட்டியே திரும்பத் தயங்கும் குடும்பம் மேலும் தயங்கும்.

எனவே, முதலில் வன்னிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கேபிள் பாதைகள் வேண்டும். அடுத்து, எங்கே கேபிள் இடுவது என்பதை இலாபக் கணிப்புக்கு மட்டும் விட்டுவிடாமல், மீள்குடியேற்றக் கிராமங்களைத் தனியாகக் கருத்திற்கொள்ளுமாறு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நிறுவனங்களைப் பணிக்க வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த ஆய்வுகளை அங்குள்ள மாணவர்களிடம் ஒப்படைக்கலாம்.

நம் பங்கும் உண்டு. இணைப்பு எந்த நாளில், எத்தனை மணி நேரம் தடைப்பட்டது என்பதைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். தரவை வைத்து முடிவெடுக்கும் காலத்தில், நம்மைப் பற்றிய தரவை நாமே சேர்க்காவிட்டால், நாம் இல்லாதவர்களாகவே கணக்கிடப்படுவோம்.