பலாலிக்கு எத்தனை மணி நேரம்?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கிழித்தால், கடலைத் தாண்டி அது ஏறக்குறைய யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலைய ஓடுபாதையில் போய் முட்டும். இடைவெளி சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு வான்வழித் தூரமே 400 கிலோமீட்டருக்கு மேல். ஆக, சென்னைவாசிக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் பக்கம். நம்பாதவர்கள் வரைபடத்தை விரித்துப் பார்க்கலாம்.

ஆனால், தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்ற பள்ளிக்கூடக் கணக்கு இந்தத் தடத்தில் பலித்ததில்லை. 1947 டிசம்பர் 10 அன்று இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானமான டகோட்டா, கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தது. இலங்கை விடுதலை பெற இன்னும் இரண்டு மாதம் இருந்தது. பின்னர் உள்நாட்டுப் போர் அந்த வழியை அடைத்தது. சென்னையில் விமானம் ஏறியவர் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போய்க் கொழும்புக்கு அருகே கட்டுநாயக்காவில் இறங்கி, வந்த திசையிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரைவழியே திரும்ப வேண்டியிருந்தது. அதுவும் யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலை திறந்திருந்த நாட்களில்தான்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நவம்பரில் சென்னைக்கான வழக்கமான விமான சேவை தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா அதை நிறுத்தியது. மீண்டும் பறந்தது 2022 டிசம்பரில். ஒரு பகல் முழுவதையும் தின்ற பயணம் இப்போது ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி முடிகிறது.

வந்துபோவது ஏடிஆர் என்னும் சுழலி விமானம். ஓடுபாதை நீளம் போதாததால் பெரிய ஜெட் இறங்க வழியில்லை. எனவே, ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்கிறார்கள். எதன் மேல் நீட்டுவது? பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990-ல் வீடுவாசலை விட்டு ஓடியவர்கள். அவர்களுடைய காணிகளில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மிச்சம் இன்னும் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயக் கணக்கில் கிடக்கிறது. அந்தச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தன என்பதை விமானப் போக்குவரத்து அறிக்கைகள் சொல்லாது.

பெரிய விமானம் வந்தால் சரக்கு ஏறும், புலம்பெயர்ந்தவர்கள் கொழும்பைத் தொடாமல் ஊர் சேரலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், நேரத்தைக் காரணம் காட்டுவது எடுபடாது. இவ்வளவு குறுகிய தடத்தில் மேலேறுவதும் கீழிறங்குவதுமே பாதி நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஜெட் மிச்சப்படுத்துவது பத்துப் பதினைந்து நிமிடம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாக வந்து வரிசையில் நிற்கிறோமே, அதைக் குறைக்க ஒரு பிடி மண்கூட எடுக்க வேண்டாம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இதே ஏடிஆர் பறந்தாலே சிகிச்சைக்கு வருபவரும் கல்யாணப் பட்டு எடுக்க வருபவரும் தங்கும் செலவில் ஒரு நாளை மிச்சம் பிடிப்பார்கள். காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பவருக்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, ஓடுபாதையை அளக்கலாம்.