ஒரே கோளாறுக்கு எத்தனை முறை கூலி?



சம்பள உயர்வுக்குக் குரல் கொடுக்கின்றோம். மழை நாள் சம்பளத்துக்குக் குரல் கொடுக்கின்றோம். ஐம்பது காசு பிடித்தம் கூடுதலாக விழுந்தாலும் ஆபீஸ் வாசலில் வந்து நின்று கேட்கின்றோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே சம்பளத்திலிருந்து, கைக்கு வந்த மறுநாளே, நூறும் இருநூறுமாக மோட்டார் பட்டறைக்குப் போய்ச் சேரும் பணத்தைப் பற்றி நம் கிளைக் கூட்டங்களில் ஒருவராவது எழுந்து பேசியதுண்டா? அது சொந்த விவகாரமாம்! சங்கத்துக்கு அதில் என்ன வேலை என்று நம் தோழர்களே கேட்கிறார்கள்.

சங்கத்துக்கு அதில் வேலை இருக்கின்றது. ஒரே கோளாறுக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தொழிலாளியிடம் கூலி வாங்குவது, கொண்டுவந்த பாலுக்கு எடை குறைத்துப் போடுவதைப் போன்றதே. தராசில் திருடினால் தட்டிக் கேட்கும் சங்கம், ஸ்பேனரால் திருடினால் மட்டும் வாய் மூடி இருப்பதா?

தொழிலாளிக்கு மோட்டார் எதற்கு, அது ஆடம்பரம் அல்லவா என்று பேசும் பெரிய மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கட்டும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் வெட்டி வீடமைப்பும் தொழிற்சாலையும் கட்டினார்கள். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனார்கள். இன்று வேலைக்காடு ஓரிடம், வீடு ஓரிடம், பிள்ளைகளின் தமிழ்ப்பள்ளி இன்னோரிடம். பொழுது விடியுமுன் பெரட்டுக்கு வந்து சேர எந்த பஸ் ஓடுகின்றது? மோட்டார் நின்றால் வேலை நின்றது. செக்ரோல் எழுதுகிற கிராணி நான். யாருடைய பெயருக்கு நேரே எந்த நாள் காலியாகக் கிடக்கின்றது, ஏன் காலியாகக் கிடக்கின்றது என்பது எனக்குத் தெரியும்.

இரண்டு சக்கரத்துக்காக இந்த மண்ணில் நடந்த போராட்டத்தை இளைய தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பெண்களுக்கு மானத்தோடு வாழ வழி, கள்ளுக்கடை மூடல் என்று வைத்த கோரிக்கைகளோடு இதுவும் ஒன்று: வெள்ளைக்காரத் துரையும் ஆசிய அலுவலரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். ஆசிய அலுவலர் என்றால் யார்? என்னைப் போன்ற கிராணிமார்தாம். அந்த ஆண்டு மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அன்று துரையைக் கண்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டறைக்காரன் முன்னால் இறங்கி, கைகட்டி நின்று, "எவ்வளவு ஆகும் பாஸ்?" என்று கேட்கிறார்கள்!

இனி விஷயத்துக்கு வருவோம். எங்கள் கிளை உறுப்பினர் ஒருவரின் மோட்டார், கார்புரேட்டர் வைத்த பழைய கப்சாய். நாலைந்து மைல் நன்றாக ஓடும். பிறகு இருமி, இழுத்து, நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஓரத்தில் நிறுத்திவைத்து உதைத்தால் மறுபடி ஓடும். முதல் தடவை பட்டறையில் பிளக் மாற்றினார்கள்: 28 வெள்ளி. அடுத்த மாதம் அதே கோளாறு. கார்புரேட்டரைக் கழுவி, காயில் மாற்றினார்கள்: 135 வெள்ளி. மூன்றாம் தடவை, "எஞ்சின் செத்துவிட்டது, இறக்கித்தான் ஆக வேண்டும்" என்றார்கள். பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து 460 வெள்ளி. மொத்தம் 623. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ல் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மூன்று துண்டுக் காகிதத்தில் போய்விட்டது. கோளாறு போயிற்றா? போகவில்லை.

பிறகு அவர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காகக் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் கோலாலம்பூர் போயிருக்கிறார். வழியில் இரண்டு முறை நின்ற வண்டி, பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனில் மூன்றாம் முறை நின்றது. செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார். ஸ்பேனரைத் தொடவில்லை. சீட்டைத் தூக்கச் சொன்னார். பெட்ரோல் டாங்கியின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. உதைத்தார்கள், வண்டி ஓடியது. மூடியில் உள்ள சிறு காற்றுத் துளை மண்ணும் அழுக்கும் ஏறி அடைத்திருந்தது, அவ்வளவுதான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். போக வழி இல்லாவிட்டால் டாங்கியில் வெற்றிடம் உண்டாகும், பெட்ரோல் இறங்காது, எஞ்சின் பட்டினி கிடந்து நிற்கும். நிறுத்திவைத்தால் மெல்லக் கசிந்து காற்று புகும், மறுபடி ஓடும். ஒரு குண்டூசி வேலை! நீராவி எஞ்சின்களை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிய தமிழர் பரம்பரை அந்தப் பட்டறையில் இருந்தது. அவர்கள் முதலில் காரணத்தைத் தேடினார்கள், பிறகுதான் சாமானைத் தொட்டார்கள்.

நிற்கிற மோட்டாருக்கெல்லாம் மூடிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சூடேறிய பிறகு நிற்கும் எஞ்சினில் வால்வு இடைவெளி இறுகிப்போயிருக்கலாம். சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் போய்விடும். அதைச் சரிபார்க்க ஒரு மெல்லிய அளவுத் தகடு போதும், எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. நீலப் புகை விட்டால் எண்ணெய் எரிகின்றது என்று அர்த்தம். அதற்கு ரிங் காரணமா, வால்வு சீல் காரணமா? ரிங் தேய்ந்துவிட்டது என்று சொன்னால் அதற்கும் சோதனை இருக்கின்றது. பிளக் இருக்கும் இடத்தில் அழுத்தமானியை வைத்து உதைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் குறைவாக இருந்தால் ஒரு கரண்டி எண்ணெயை உள்ளே விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் ரிங்கில் கோளாறு. ஏறாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். சில நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் "எஞ்சின் செத்துவிட்டது" என்று சொல்பவன் நாடி பிடிக்காமல் வயிற்றைக் கிழிக்கும் வைத்தியன்!

"தொழிலாளி எண்ணெய் மாற்றுவதில்லை, வண்டியைப் பராமரிப்பதில்லை, பிறகு எங்களைக் குற்றம் சொல்கிறான்" என்று மறுமொழி வரும். இதில் ஓரளவு உண்மை இல்லாமல் இல்லை. கப்சாய் எஞ்சின் சுமார் ஒரு லிட்டர் எண்ணெயில் ஓடுவது. அதில் பாதி எரிந்துபோனதைக் கவனிக்காவிட்டால் எஞ்சின் வெகுவிரைவில் தேயும். எண்ணெய் பார்க்காத தோழர் பார்க்கப் பழக வேண்டும். ஆனால் அவர் எண்ணெய் பார்க்காதது, அடைபட்ட மூடிக்குப் பிஸ்டன் மாற்றிப் பணம் வாங்கப் பட்டறைக்கு உரிமை கொடுக்கின்றதா?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நல்ல பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகளே பலர் அந்தத் தொழிலில் கை கறுத்துப் பிழைக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்குக் கூலி கேட்பதில் எனக்குச் சண்டை இல்லை. உழைப்பாளிக்கு உழைப்பாளி எதிரி அல்ல. செய்யாத வேலைக்கும் வேண்டாத சாமானுக்கும் போடும் பில்லைத்தான் எதிர்க்கின்றேன்.

சட்டம் என்ன சொல்கின்றது? 1999-ம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. அதன் 53-வது பிரிவின்படி, சேவை செய்கிறவர் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். முன்கூட்டிப் பேசாத விலையாக இருந்தால் நியாயமான தொகைக்கு மேல் கேட்க முடியாது என்று 56-வது பிரிவு சொல்கின்றது. புதிய வண்டி என்றால் அது ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பது 32-வது பிரிவு. தவணையில் புது மோட்டார் எடுத்து, மாதத்துக்கு இருமுறை கடை வாசலில் விட்டுவிட்டு, தவணையையும் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும் தோழர்கள் இதைக் கவனிக்கவும். பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று 2002-ல் தனி விதிமுறையே வந்திருக்கின்றது.

வழக்கு என்றால் வக்கீலுக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். அச்சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீலுக்கு இடமே இல்லை. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019 முதல் 50,000 வெள்ளி வரை கோரலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பைப் பதினான்கு நாளுக்குள் நிறைவேற்றாதவர் மீது குற்ற வழக்கே வரும். ஐந்து வெள்ளிக்கு இவ்வளவு அதிகாரம் தொழிலாளி கையில் இருக்கின்றது. தமிழில் இதையெல்லாம் எடுத்துச் சொல்லப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாகப் பாடுபட்டு வருகின்றது. நம் சங்கங்கள் செய்தது என்ன?

பில் இல்லாமல் நடுவர் மன்றத்தில் எதைக் காட்டுவது என்பதுதான் நம் பக்கத்துப் பலவீனம். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை, "சர்வீஸ் 135" என்று சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்ததை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறோம். இனி அப்படி வாங்கக் கூடாது. என்ன கோளாறு, எதனால் என்று கண்டார்கள், என்ன சாமான், எவ்வளவு கூலி என்று எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கத் தயங்கும் கடைக்கு மறுமுறை நம் உறுப்பினர் ஒருவரும் போகக் கூடாது. தனி ஆள் கேட்டால் முறைப்பார்கள். ஒரு தோட்டமே சேர்ந்து கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.

நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு வேலை நேரத்தில் தொழிலாளியின் சொந்த மோட்டாரில் ஓடச் சொல்கிறீர்கள். பெட்ரோல் யாருடையது, தேய்மானம் யாருடையது? அடுத்த பேச்சுவார்த்தையில் இதற்குப் படி கேட்டு எங்கள் கிளை தீர்மானம் கொண்டுவரும்.

வருகிற கிளைக் கூட்டத்துக்கு, கடந்த மூன்று ஆண்டில் ஒரே கோளாறுக்கு இரண்டு முறைக்கு மேல் பணம் கட்டிய தோழர்கள் கையிலுள்ள பில்களை எடுத்து வாருங்கள். மலாயில் மனு எழுத வராதவர்களுக்கு ஆபீஸ் நேரம் முடிந்தபின் நானே உட்கார்ந்து எழுதித் தருகின்றேன். பழைய சாமான் வீட்டில் கிடந்தால் அதையும் ஒரு துணியில் சுற்றிக் கொண்டு வாருங்கள்.