டப்பாப் புரதமும் பருப்பு இல்லாத ரேஷனும்

புது தில்லி: உடல்நலத்துக்கும் நோயிலிருந்து தேறுவதற்கும் அமினோ அமிலங்கள் இன்றியமையாதவை என்பதில் மருத்துவ உலகில் இரு வேறு கருத்துகள் இல்லை. அவை உண்மையில் யாருக்குத் தேவை, எந்த வடிவில் தேவை என்பதில்தான் குழப்பம் நிலவுகிறது. நகரங்களில் உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்களிடம் புரதப் பொடி டப்பாக்கள் பெருகிவருகின்றன. ஆனால், புரதம் மிகவும் தேவைப்படும் ஏழை நோயாளிகளின் தட்டில் பருப்பு இல்லை.

மனித உடல் தானாகத் தயாரித்துக்கொள்ள இயலாத ஒன்பது அமினோ அமிலங்களை உணவின் மூலமே பெற வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் லைசின் குறைவு. பருப்பில் அது அதிகம். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் தானியங்களில் இருக்கிறது. சாம்பார் சாதமும் பருப்புடன் உண்ணும் ரொட்டியும் இக்குறையை ஒன்றுக்கொன்று ஈடுசெய்கின்றன.

நாள்பட்ட கல்லீரல் நோயாளிகள், சில பிறவி வளர்சிதைமாற்றக் குறைபாடு உள்ள குழந்தைகள், வாயால் உண்ண இயலாமல் தீவிர சிகிச்சையில் இருப்போர் ஆகியோருக்கு அமினோ அமிலக் கலவைகளை மருத்துவர்கள் அளிப்பதுண்டு. ஆரோக்கியமானவர்களின் நிலை வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் கீழ் இயங்கும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். உடலைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு இந்நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள் அறிவுறுத்தின.

இவற்றின் தரமும் கேள்விக்குரியதாகவே உள்ளது. கேரள மருத்துவர் உள்ளிட்ட குழுவினர் இந்தியச் சந்தையில் விற்கப்பட்ட 36 புரதத் தயாரிப்புகளை ஆய்வு செய்து 2024-ல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 70 சதவீதத் தயாரிப்புகளில் புரத அளவு குறித்த விவரம் தவறாக இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சும் 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ், ஊட்டச்சத்துத் துணை உணவுகளுக்கென 2016-ல் தனி விதிமுறைகள் வெளியிடப்பட்டன. தவறான விவரச் சீட்டுக்கு ரூ. 3 லட்சம் வரையிலும் தவறான விளம்பரத்துக்கு ரூ. 10 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சட்டம் மத்திய அரசுடையது. களத்தில் மாதிரி எடுத்து வழக்குத் தொடர வேண்டியது மாநிலங்களின் உணவுப் பாதுகாப்பு ஆணையர்கள். இந்த இடைவெளியே விற்பனையாளர்களுக்கு வசதியாகிவிடுகிறது. பாதிப்பு விளையாட்டுத் துறையையும் எட்டுகிறது. அமினோ அமிலம் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. ஆனால், டப்பாவில் ஊக்க மருந்து கலந்திருந்தால் அதற்கு வீரரே பொறுப்பேற்க வேண்டும்.

மறுபுறம், புரதம் உயிர் காக்கும் மருந்தாகவே செயல்படும் இடம் ஒன்று உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியர்கள். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2023 ஆகஸ்டில் லான்செட் குழும இதழ்களில் வெளியாயின. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால் பொடி, எண்ணெய் அடங்கிய 10 கிலோ உணவுப் பொதியும் வைட்டமின் மாத்திரைகளும் வழங்கப்பட்டன. முதல் இரு மாதங்களில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடையே உயிரிழக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. கூடுதல் அரிசியும் பருப்பும் பெற்ற குடும்பத்தினரிடையே புதிதாகக் காசநோய் ஏற்படுவது 39 சதவீதம் குறைந்தது.

இதன் பிறகு மத்திய அரசு சில நடவடிக்கைகளை எடுத்தது. காசநோயாளிகளுக்கான மாதாந்திர ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பர் முதல் ரூ. 500-லிருந்து ரூ. 1,000-ஆக உயர்த்தப்பட்டது. எடை மிகக் குறைந்தவர்களுக்கு முதல் இரு மாதங்கள் ஆற்றல் செறிந்த துணை உணவு வழங்கவும் முடிவு செய்யப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், இவை நோய் வந்த பிறகு கிடைப்பவை. 2025-க்குள் காசநோயை ஒழிப்பது என 2018-ல் அறிவிக்கப்பட்ட இலக்கு எட்டப்படாத நிலையில், நோய் வருமுன் காக்கும் உணவு குறித்தே இனி பேச வேண்டியுள்ளது.

2013-ம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு தானியம் என்பதை அரிசி, கோதுமை, சிறுதானியங்கள் என்ற அளவிலேயே வரையறுக்கிறது. சுமார் 81 கோடிப் பேருக்கான இலவச உணவு தானியத் திட்டத்தில் பருப்பு இடம்பெறவில்லை. தமிழ்நாடு 2007 முதல் தனது நிதியில் துவரம் பருப்பை மானிய விலையில் வழங்கிவருவது குறிப்பிடத்தக்கது. எனினும், அதே சட்டத்தின் 12-வது பிரிவு, ரேஷனில் வழங்கப்படும் பொருள்களைக் காலப்போக்கில் பன்முகப்படுத்த வேண்டும் என்று கூறுகிறது. அந்த வாசகத்தை எந்த அரசும் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிதியும் விளைச்சலும் போதாது என்பதே வழக்கமான பதில். சுமார் 20 கோடிக் குடும்ப அட்டைகளுக்கு மாதம் ஒரு கிலோ வீதம் வழங்கினால் ஆண்டுக்கு 24 லட்சம் டன் தேவை. நாட்டின் பருப்பு உற்பத்தி சுமார் 250 லட்சம் டன். அதில் பத்தில் ஒரு பங்கைத் திரட்டுவது எளிதல்ல. இறக்குமதியைச் சார்ந்துள்ள நாட்டில் விலை உயரும் அபாயமும் உண்டு. ஆயினும், 2030-31-க்குள் 350 லட்சம் டன் உற்பத்தியை எட்ட ரூ. 11,440 கோடியில் 2025-ல் இயக்கம் தொடங்கிய அரசு, அவ்விளைச்சலில் ஒரு பகுதியை ரேஷனுக்கு ஒதுக்குவது குறித்து இப்போதே திட்டமிடலாம். காசநோய் மிகுந்த மாவட்டங்களில் தொடங்கலாம்.

டப்பாப் புரதத்தின் தரத்தைக் கண்காணிப்பது அரசின் கடமை. அதை வாங்குவோருக்காகக் குரல் கொடுக்கப் பலர் உள்ளனர். பருப்புக்காகக் குரல் கொடுக்க வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள். உணவுத் துறை மானியக் கோரிக்கைகள் அடுத்த முறை அவைக்கு வரும்போது, 12-வது பிரிவு என்னவாயிற்று என்று ஒரு உறுப்பினராவது எழுந்து கேட்க வேண்டும்.