யோபின் நண்பர்களும் நம் பிரசங்கிகளும்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் அடக்க ஆராதனையில் ஒரு பேச்சு தவறாமல் வந்துவிடும்: எல்லாம் தேவசித்தம், கேள்வி கேட்கக் கூடாது. 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளம் ஆலை வெடித்து இத்தனை வருஷம் ஆகியும் பேச்சு மாறவில்லை. கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அறிவுபூர்வமாக அரண் கட்டுவதாகச் சொல்லும் கூட்டங்களும் நடக்கின்றன. அங்கே படைப்பு, பரிணாமம், உயிர்த்தெழுதலுக்கான சான்றுகள் எல்லாம் அலசப்படும். பட்டாசு மருந்து கலக்கும் அறையைப் பற்றிய பேச்சு மட்டும் வராது.

இப்படிப்பட்ட வாதத்தின் எல்லையை 1854ஆம் வருஷமே காட்டிவிட்டது. மிஷனரி பீட்டர் பெர்சிவலுக்கு வேதாகமத்தைத் தமிழாக்க உதவிய ஆறுமுக நாவலர் அந்த வருஷம் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். தூபம், விளக்கு, பலி என்று பழைய ஏற்பாட்டின் ஆலய முறைகளையே எடுத்துவைத்து, உங்களுக்கு வேதமானது எங்களுக்கு மட்டும் மூடத்தனமா என்று மிஷனரிகளை மடக்கினார். மிஷனரிகள் சைவத்தின்மேல் வீசிய தர்க்கம் அவர்கள்மேலேயே திரும்பியது.

அதே வருஷம் இந்த வடதிருநெல்வேலிக் கரிசலில் ஊர் ஊராகக் கூடாரம் போட ஆரம்பித்தவர் மிஷனரி ராக்லண்ட். 1841இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நாலாவதாக வந்தவர். 1858இல் சிவகாசியில் இறந்தார். அவ்வளவு பெரிய கணக்குப் புலியை இங்குள்ள சபைகள் நினைப்பதென்னவோ அந்தக் கூடார வாழ்க்கைக்காகத்தான்.

வாதத்தால் கடவுளைக் காக்க நினைப்பவர்கள் யோபு புத்தகத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். பிள்ளைகளைப் பறிகொடுத்தவன் முன்னால் உட்கார்ந்து கடவுளுக்காக வக்காலத்து வாங்குகிறார்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். நீ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இது நடக்காது என்பதே மூவரின் வாதமும், இழையறாத வாதம்தான். யோபோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் வக்கீல்கள்மேல் பாய்கிறது. யோபு ஜெபித்தால்தான் அவர்கள் தப்ப முடியும். கேள்வி கேட்டவன் பக்கம் வேதமே நிற்கும்போது, கேட்காதே என்று சொல்லும் அதிகாரம் பிரசங்கிக்கு எங்கிருந்து வந்தது?

ஆலை வெடித்தால் கேட்கவேண்டிய கேள்விகள் இவை: நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? நாக்பூர் வெடிபொருள் துறை தரும் லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறது, அறையை உள்குத்தகைக்கு எடுத்தவர் யார்? வெயில் ஏறிய பிறகும் மருந்து கலக்கச் சொன்னது யார்? உராய்வில் மருந்து பற்றும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதையெல்லாம் சேகரகுரு பிரசங்கபீடத்தில் நின்று கேட்டால் விசுவாசம் ஆட்டம் காணாது. காணிக்கைப் பையில் ஆலைக்காரர் பணமும் விழுவதால் வரும் தயக்கம் என்றால், அதற்குத் தேவசித்தம் என்று பெயர் வைக்க வேண்டாம்.