பொருந்துவதும் பொருத்தமானதும்

பழைய எஞ்சினைப் புதுக்குவோர், ஓர் உறுப்பு உரிய இடத்தில் அமர்ந்துவிட்டது என்பதனாலேயே அது பொருத்தமானது எனக் கொள்ளலாகாது. மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் இணைந்தபின், ஒஸ்ரின் ஏ30இன் 803 சீ.சீ. எஞ்சின் மைனருக்கும் வந்தது. 1956இல் 948, 1962இல் 1098 என வளர்ந்தது. ஒரே குடும்பத்தவையாதலின் 1098இன் சிலிண்டர் ஹெட் 948இலும் அமரும். ஆனால் பிஸ்ரன் ஏறியிறங்கும் தூரம் முன்னதில் 83.7, பின்னதில் 76.2 மில்லிமீற்றர், ஒன்றின் கிராங்க் தண்டு மற்றதற்கு அப்படியே ஒவ்வாது. பிரதான பேரிங் மூடிகளோ தத்தம் புளொக்குடன் சேர்த்தே கடையப்பட்டவை. அதே வகை எஞ்சினிலிருந்துகூட அவற்றை இரவல் பெறலாகாது.

1990களில் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட வன்னியில், பழைய வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைவினைஞர், எது எதற்கு ஒவ்வும் என்பதை அனுபவத்தால் அறிந்தனர். ஏட்டில் ஏறாவிடின் அவ்வறிவு அவர்களோடு மறைந்துபோம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பெற்ற இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் இன்று இளைஞர் மோட்டார்த் தொழில் பயில்கின்றனர். முதியோரின் அனுபவமும் இளையோரின் நுண்மானித் திருகுக் கணிச்சியும் ஒரே மேசையில் கூடவேண்டும். நம் பழைய மாணவர் அவ்விரு சாராரையும் அழைத்து, அளவுகளோடு கூடிய அட்டவணையொன்றை எழுதுவிப்பாராக. அதுவே இவ்விழாவுக்கு ஏற்ற நற்பணியாகும்.