பதிவேட்டில் ஏறட்டும் நடுகற்கள்

எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான் ஒருவன். அவன் வளர்த்த நாய் கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் சொல்லும் சேதி இது. வீரன் பக்கத்தில் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். பெருங்கோயில் கட்டிய எத்தனையோ சிற்பிகளுக்குக் கிடைக்காத மரியாதை!

செங்கம் பகுதி நடுகற்களைத் தமிழகத் தொல்லியல் துறை 1972இலேயே நூலாக்கியது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள நடுகற்கள் 2006இல் கிடைத்தன. அவற்றிலொன்று ஆகோள் பூசலை, அதாவது ஆநிரை கவரும் சண்டையைச் சொல்கிறது. இவை ஆய்வாளர் கண்ணில் பட்டவை. ஏரிக்கரையிலும் பட்டா நிலத்திலும் கேட்பாரற்றுக் கிடப்பவற்றின் கதி வேறு. சாலையை அகலப்படுத்த வரும் ஜேசிபிக்கு நடுகல்லும் ஒரு பாறைதான். நில அளவைப் புலப்படத்தில் சர்வே கல்லுக்கு இடம் உண்டு. ஊரைக் காத்தவனின் கல்லுக்கு இல்லை.

எல்லாவற்றையும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம் என்பார்கள். ஆபத்தில் இருக்கும் கல்லுக்கு அது சரி. மற்றவற்றுக்குக் கூடாது. எந்த மேய்ச்சல் நிலத்தில், எந்த வழித்தடத்தில் பூசல் நடந்தது என்பதற்கு அந்தக் கல் நிற்கும் இடமும் சான்று. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் பல கற்கள் வேடியப்பன் என்ற சாமியாக இன்றும் படையல் ஏற்கின்றன. கும்பிடுகிறவர்களிடமிருந்து சாமியைப் பறித்துக் கண்ணாடிக்குள் வைப்பது பாதுகாப்பு ஆகாது. அந்த வழிபாடுதான் இத்தனை காலம் கல்லைக் காத்தது. பக்தி மிகுந்து எனாமல் பூசுவதும், பீடம் கட்டுகிறேன் என்று கடைசி வரி எழுத்தைச் சிமென்டில் புதைப்பதும் நடக்கத்தான் செய்கின்றன. பூசாரியிடம் உட்கார்ந்து பேசினால் தீரும் விஷயம் அது. வழக்குப் போட வேண்டியதில்லை.

1966ஆம் ஆண்டின் மாநிலத் தொல்லியல் சட்டம் கையில் இருக்கிறது. ஆனால், பாதுகாக்கப்பட்ட சின்னமென்று ஒவ்வொரு கல்லையும் அறிவித்து முடிக்கும்வரை ஜேசிபி காத்திருக்காது. வருவாய்த் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து ஊர் ஊராகக் கணக்கெடுக்கட்டும். ஒவ்வொரு கல்லும் புல எண்ணோடும் படத்தோடும் கிராமப் பதிவேட்டில் ஏறட்டும். பதிவான கல் உள்ள இடத்தில் சாலைப் பணிக்கோ குவாரிக்கோ அனுமதி தருமுன், தொல்லியல் அலுவலர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கான அரசாணையை இந்த நிதியாண்டுக்குள் பிறப்பிக்க வேண்டும்.