உயிரோடு இருக்கும்போது நாலு பேர்

போன ஞாயிறு ஆராதனையில் மாற்கு 2-ஆம் அதிகாரம். கப்பர்நகூமில் நாலு பேர் ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, வாசலில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்து, படுக்கையோடு இயேசுவுக்கு முன்னால் இறக்கினார்களே, அந்தக் கதை. ஞாயிறு பள்ளியிலிருந்தே நமக்கெல்லாம் தெரிந்ததுதான். போதகர் நன்றாகவே பேசினார். எனக்குத்தான் மனசு எங்கேயோ போய்விட்டது.

எங்கள் சபையில் ஒரு பெரியவர். நாசரேத் பக்கம். புனேவுக்கு வந்து நாற்பது வருஷம் இருக்கும். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பத்து மாதமாக ஆலயத்துக்கு வரவில்லை. வாராவாரம் ஜெபக்குறிப்பில் மட்டும் அவர் பெயர் தவறாமல் வருகிறது. நாங்களும் மாதம் ஒருமுறை பழம், ஹார்லிக்ஸ் வாங்கிப் போய், பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, மதனி தரும் டீயைக் குடித்துவிட்டு வருவோம். கடைசியாகப் போனபோது அண்ணாச்சி குழறிக் குழறிக் கேட்டார்.

"தம்பி, ஒரு திருவிருந்துக்கு என்னைய கூட்டிட்டுப் போவியளா?"

"கண்டிப்பா அண்ணாச்சி. ஜெபம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பாதிப் படியில்தான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. தூக்க வேண்டியவன் நான், ஜெபத்தை அவர் தலையில் வைத்துவிட்டு வருகிறேன்!

வீட்டுக்கு வந்து மாற்குவை மறுபடி வாசித்தேன். அந்த மனுஷனை வாசலில் மறித்தது யார்? பரிசேயர் இல்லை, ரோமச் சிப்பாய் இல்லை. வசனம் கேட்க வந்த கூட்டம். பக்தியாகத்தான் நின்றிருப்பார்கள், ஆனால் யாரும் வழிவிட்டதாக இல்லை. அந்த நாலு பேரோ ஒரு வார்த்தை பேசியதாகக்கூட மாற்கு எழுதவில்லை. இருந்தும் இயேசு அவர்களுடைய விசுவாசத்தைத்தான் பார்க்கிறார். மத்தேயு கூரை விஷயத்தையே விட்டுவிடுகிறார், லூக்கா ஓடுகள் என்கிறார். மாற்கு சொல்வதுபோல மண் கூரையைத் தோண்டியிருந்தால், கீழே பிரசங்கம் கேட்டவர்கள் தலையெல்லாம் மண்ணாகியிருக்கும். (அந்தக் கூரையை அப்புறம் யார் சரிசெய்து கொடுத்தது என்று என் மனைவிக்கு ஒரு சந்தேகம். நியாயமான சந்தேகம்தான்.)

ஊரில் பெரியவர்கள் 'நாலு பேர் வேணும்' என்றால் எதற்கென்று சொல்லவேண்டியதில்லை. பிழைக்க வந்த இடத்தில் அந்தப் பயம் இன்னும் அதிகம். அதற்கு நாம் குறை வைப்பதுமில்லை. யாராவது தவறிவிட்டால் ஆபீஸுக்கு லீவு போட்டு, ஒரே சாயங்காலத்தில் பணம் திரட்டி, உடலை ஊருக்கு அனுப்பி வைக்கிறோம். செத்தவரை மூன்று மாடி இறக்கப் பத்துப் பேர் வருவார்கள். உயிரோடு இருக்கிறவரை இறக்கத்தான் ஆள் இல்லை.

இதைச் சபையில் நாலைந்து பேரிடம் சொன்னேன். "சுகமானால் அவரே நடந்து வருவார் பிரதர், விசுவாசியுங்கள்" என்றார் ஒருவர். எனக்கு இது விசுவாசமாகவே படவில்லை. கப்பர்நகூம்காரர்கள் இப்படி நினைத்திருந்தால் அந்த மனுஷன் வீட்டிலேயே கிடந்திருப்பான். "கீழே போட்டுவிட்டால்?" என்று இன்னொருவர் கேட்டார். அது சரியான கேள்வி. டாக்டரிடம் கேட்டோம், ஒன்றரை மணி நேரம் உட்காரலாம் என்றார். ஆலய வாசலில் ஐந்து படி இருக்கிறது. சாய்வுப் பாதை கேட்டால், டைல்ஸ் இப்போதுதானே போட்டோம் என்று கமிட்டியில் இழுக்கிறார்கள். கூரையே போன கதையைக் கேட்டுவிட்டு டைல்ஸுக்கு யோசனை.

நேற்று ஒரு மரநாற்காலியில் என் மகனை உட்காரவைத்து, இரண்டு பெல்ட் போட்டு, மூன்று பேர் படியில் இறக்கிப் பார்த்தோம். திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. முதல் மாடி மராத்திப் பையன், வருஷா வருஷம் பிள்ளையாரைத் தூக்கிப் பழகியவன், "காகா, மீ யேதோ" என்று ஓடிவந்து நாலாவது காலைப் பிடித்தான்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு திருவிருந்து. எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறோம் அவனை.